பகலொளியும் மெழுகுவத்தியும்: கிரேக்க, மறுமலர்ச்சிக்கால நாடகங்கள் இன்று நிகழும் அரங்குகள்

ஆய்வுச்சுருக்கம்

பண்டைய கிரேக்க, உரோமானிய நாடகங்களும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால நாடகங்களும் இன்று எஞ்சிய பழைய அரங்குகளிலும், பழமையைப் பின்பற்றிக் கட்டப்பட்ட புதிய அரங்குகளிலும் நிகழ்த்தப்படுகின்றன. அவ்வரங்குகளில் நிகழ்த்துதல் எப்போது, யாரால் மீண்டும் தொடங்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கல் எஞ்சிய இடங்களில் நாடகத்தின் ஒளிச்சூழல் மாறிவிட்டது. கட்டடம் அழிந்துபோன இலண்டனிலேயே அது முறையாக மீட்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: துன்பியல் நாடகம், எபிதாரஸ், சிராகூசா, ஒலிம்பிக்கோ அரங்கு, குளோப் அரங்கு, அரங்க ஒளி

முன்னுரை

தமிழ்க் கல்விப்புலத்தில் சோபோக்ளீசும் ஷேக்ஸ்பியரும் பெரும்பாலும் படிக்கப்படும் ஆசிரியர்களாகவே இருந்துவருகின்றனர். விபுலாநந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு இணைத்து விளக்கினார். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றினார். எனினும் அந்நாடகங்கள் எத்தகைய அரங்கை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன, அத்தகைய அரங்கில் அவற்றை இன்று எங்கே காணலாம் என்ற வினா தமிழில் அதிகம் எழுப்பப்படவில்லை.

ஏதென்சு, எபிதாரஸ், இலண்டன் என்று மூன்று பெயர்களைச் சொல்லி இவ்வினாவை முடித்துவிடலாம். சுற்றுலா நூல்கள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் ஒரு நாடகத்துக்கு ‘உரிய அரங்கு’ என்பது மூன்று வெவ்வேறு பொருள்களைக் கொண்டது: அது முதலில் நிகழ்ந்த இடம், அது நிகழ்ந்த கட்டடம், அது நிகழ்ந்த முறை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த அரங்கு இன்று உலகில் எங்கும் இல்லை. எங்கே எது எஞ்சியது, எது போயிற்று என்பதே ஆராயத்தக்கது.

நிகழ்த்துமுறையின் கூறுகள் பல. முகமூடி, பாடகர் குழு, பெண் வேடத்தில் ஆடவர் முதலியன ஒவ்வொரு தயாரிப்பின் இயக்குநரும் தீர்மானிப்பவை; இன்று இருக்கும், நாளை மாறும். ஒளி அவ்வாறன்று. கூரை உண்டா இல்லையா, நாடகம் தொடங்கும் நேரம் எது என்பவற்றைப் பொறுத்து அரங்கே அதைத் தீர்மானிக்கிறது. எனவே அரங்குகளை ஒப்பிடுவதற்கு ஒளியே ஏற்ற அளவுகோலாகும்.

பிறந்த இடமும் எஞ்சிய கல்லும்

எஸ்கிலஸ், சோபோக்ளீஸ், யூரிப்பிடீஸ், அரிஸ்டோபேனிஸ் ஆகியோரின் நாடகங்கள் அரங்கேறிய இடம் ஏதென்சு அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவிலுள்ள தயோனிசஸ் அரங்கு. இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அங்குள்ள கல்லோ அந்நால்வரும் கண்டதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே மரத்தாலான இருக்கைகளே இருந்தன. கல்லிருக்கைகள் லிகர்கஸ் காலத்தில், கி.மு. 330ஐ ஒட்டி நிறைவுற்றன. இன்று காணப்படும் சலவைக்கல் தளமும் அரைவட்ட ஆடுகளமும் உரோமானியர் கால மாற்றங்கள். தொல்லியல் களமாகப் பேணப்படும் இவ்வரங்கில் இன்று நாடக விழா எதுவும் நிகழ்வதில்லை. ஏதென்சு விழாவின் நாடகங்கள் 1955 முதல் சில நூறு அடி தள்ளியுள்ள ஹெரோதஸ் அத்திகஸ் அரங்கில் நடந்தன. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு செல்வர் தம் மனைவி ரெஜில்லாவின் நினைவாகக் கட்டிய உரோமானிய இசையரங்கு. பழங்காலத்தில் அதற்கு மரக்கூரை இருந்தது. அதாவது, சோபோக்ளீஸுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு பிற்பட்ட, கூரை வேய்ந்த இசைக்கூடம் ஒன்று கூரையிழந்த பின் கிரேக்க நாடகத்தின் திறந்தவெளி அரங்காக ஏற்கப்பட்டது.

எபிதாரஸின் நிலையும் இதனை ஒத்ததே. கிரேக்க அரங்கு என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றும் அரங்கு இதுதான். வட்ட ஆடுகளமும் 55 வரிசை இருக்கைகளும் சிதையாமல் நிற்கும் இவ்வரங்கைப் பாலிகிளைட்டஸ் என்பவர் கட்டியதாகப் பாசேனியஸ் எழுதியுள்ளார். இது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. சோபோக்ளீசும் யூரிப்பிடீசும் கி.மு. 406இல் மறைந்துவிட்டனர். மேலும் இது ஒரு நகரத்தின் நாடகப்போட்டி அரங்கன்று. நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயில் வளாகத்தைச் சேர்ந்தது. கல்வரலாற்றின்படி நோக்கினால், எஞ்சியுள்ள எந்தக் கிரேக்க அரங்கும் நமக்குக் கிடைத்துள்ள துன்பியல் நாடகங்களின் முதல் அரங்கேற்றத்தை இன்றுள்ள வடிவில் கண்டதில்லை.

எபிதாரஸின் ஒலியமைப்பு குறித்த கதைகள் பல. ஆடுகளத்தில் நாணயம் விழும் ஓசை கடைசி வரிசையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் செய்துகாட்டுவர். 2007இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சுண்ணாம்புக்கல் இருக்கைகளின் வரிசையமைப்பு தாழ் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டுகிறது என விளக்கியது. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அரங்கில் நேரடியாக அளந்து, அக்கதைகள் மிகையானவை என்றனர். உரத்துப் பேசப் பயின்ற நடிகரின் குரல் தெளிவாகக் கேட்கும் என்பதே நாடகத்துக்கு வேண்டிய செய்தி, நாணயம் நடிப்பதில்லை.

மீண்டும் தொடங்கிய ஆண்டுகள்

இவ்வரங்குகளில் நாடகம் இடையறாது நிகழ்ந்துவந்தது போன்ற தோற்றத்தை விழாக்களின் விளம்பரங்கள் தருகின்றன. உண்மையில் ஒவ்வோர் அரங்கிலும் மீட்பு ஒரு குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட மனிதரின் முடிவால் நிகழ்ந்தது.

முதற்கட்ட மீட்பு கிரேக்கத்துக்கு வெளியே, கல்லூரிகளில் தொடங்கியது. 1880இல் ஆக்ஸ்போர்டில் எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ கிரேக்க மொழியிலேயே நடிக்கப்பட்டது. 1882இல் கேம்பிரிட்ஜ் தொடர்ந்தது; மூன்றாண்டுக்கு ஒருமுறை மூலமொழியில் நடத்தப்படும் அந்நாடகம் இன்றும் தொடர்கிறது. யாப்பின் ஓசையோடு கிரேக்க மூலத்தைக் கேட்க விரும்புவோர் கிரேக்க நாட்டுக்குச் செல்வதைவிடக் கேம்பிரிட்ஜுக்குச் செல்வதே பொருத்தம். எபிதாரஸில் ஒலிப்பது பெரும்பாலும் தற்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பு.

சிசிலியின் சிராகூசாவில் 1914 ஏப்ரலில் எத்தோரே ரொமன்யோலி தம் இத்தாலிய மொழிபெயர்ப்பில் ‘அகமெம்னான்’ நாடகத்தை இயக்கி அரங்கேற்றினார். மாரியோ தொம்மாசோ கர்கால்லோ என்ற உள்ளூர்ப் பிரபு முன்னின்று ஏற்பாடு செய்தார். முதல் உலகப்போரால் தடைப்பட்ட விழா 1921இல் மீண்டது. எஸ்கிலஸ் நேரில் வந்து தங்கிய நகரம் சிராகூசா; அவர் இறந்ததும் அதே தீவிலுள்ள கேலாவில்தான். எனவே இடத்தின் உரிமை வலுவானது. ஆனால் பாறையைக் குடைந்து அமைத்த அரங்கின் இன்றைய வடிவம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹியெரோன் மன்னன் காலத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஆட்சியினர் அரங்கின் மேற்பகுதிக் கற்களைப் பெயர்த்து ஒர்த்திஜியா தீவில் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். எஞ்சிய மென்மையான சுண்ணாம்புக்கல் மக்களின் காலடியால் தேயாமல் இருக்க, விழாக்காலத்தில் அதன்மேல் மரப்பலகை விரிக்கப்படுகிறது. பார்வையாளர் அமர்வது கிரேக்கக் கல்லின்மேலன்று. கல்லைக் காக்கும் பலகையின்மேல்.

டெல்பியில் கவிஞர் ஆஞ்சலோஸ் சிகேலியானோசும் அவருடைய அமெரிக்க மனைவி ஈவா பால்மரும் 1927இல் ‘பிணிப்புண்ட புரொமேத்தியஸ்’ நாடகத்தை அரங்கேற்றினர். ஆடைகளை ஈவா கைத்தறியில் தாமே நெய்தார். பாடகர் குழுவின் அசைவுகளைப் பண்டைய மட்கலங்களின் ஓவியங்களிலிருந்து அமைத்தார். பகலொளியில், மலையைப் பின்புலமாகக் கொண்டு நடந்த அம்முயற்சி 1930இல் மீண்டும் ஒருமுறை நிகழ்ந்து, பணமின்மையால் நின்றது. இடம், ஒளி, முறை மூன்றையும் ஒருங்கே கருதிய முயற்சி கல்லரங்குகளின் வரலாற்றில் இது ஒன்றே எனலாம். அது இரண்டே விழாக்களோடு முடிந்தது வருந்தத்தக்கது.

எபிதாரஸில் 1938இல் திமித்ரிஸ் ரொந்திரிஸ் இயக்கத்தில், கத்தினா பக்சினூ நடிப்பில் சோபோக்ளீஸின் ‘எலெக்ட்ரா’ நிகழ்ந்தது. போரும் உள்நாட்டுப்போரும் கழிந்தபின், 1954இல் ‘ஹிப்போலிட்டஸ்’ அரங்கேற, மறு ஆண்டு விழா முறையாக நிறுவப்பட்டது. இருபது ஆண்டுகள் அவ்வரங்கு தேசிய நாடக நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது. 1959இல் ஹெரோதஸ் அத்திகஸ் அரங்கில் கரோலோஸ் கூன் இயக்கிய அரிஸ்டோபேனிஸின் ‘பறவைகள்’ முதல் நாள் நிகழ்ச்சிக்குப் பின் அரசால் தடைசெய்யப்பட்டது; நாடகத்தின் பூசகர் கிறித்தவ வழிபாட்டு இசையில் பாடியதே சினத்துக்குக் காரணம். ஈராயிரத்து நானூறு ஆண்டுப் பழமையான அங்கதம் அவ்வாறு ஒரே இரவில் தற்கால நாடகமாயிற்று. அதே ‘பறவைகள்’ 1975இல், இராணுவ ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டில், எபிதாரஸின் படியேறியது.

ஸ்பெயினின் மெரிதாவில் நடந்தது உரோமானிய நாடகத்தின் மீட்பு. மண்ணில் புதைந்து, மேல்வரிசைச் சிதைவுகள் மட்டும் வெளியே தெரிந்ததால் ‘ஏழு நாற்காலிகள்’ என்று ஊரார் அழைத்த இடத்தில் 1910இல் அகழாய்வு தொடங்கியது. 1933இல் செனெக்காவின் ‘மெடியா’, மிகேல் தெ உனாமுனோவின் மொழிபெயர்ப்பில், மார்கரித்தா ஷீர்கு நடிக்க அங்கே அரங்கேறியது. செனெக்காவின் நாடகங்கள் அவர் காலத்தில் நடிக்கப்பட்டனவா, வாசிக்க மட்டும் எழுதப்பட்டனவா என்பதே தீராத விவாதம். எனில், மெரிதாவில் நிகழ்ந்ததை ‘மீட்பு’ என்பதைவிடத் ‘தொடக்கம்’ என்பதே பொருந்தும்.

மாறிய ஒளி

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில் நாடகப்போட்டி பகலில் நடந்தது. ஒரு கவிஞரின் மூன்று துன்பியல் நாடகங்களும் ஒரு சாத்திர் நாடகமும் ஒரே நாளில் தொடர்ந்து நிகழ்ந்தன. ‘அகமெம்னான்’ நாடகம், அரண்மனைக் கூரைமேல் இரவெல்லாம் விழித்துத் திராயின் வீழ்ச்சியைச் சொல்லும் தீப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் காவலனின் பேச்சோடு தொடங்குகிறது. வெயிலில் அமர்ந்திருந்த பல்லாயிரவர் அவனது சொல்லால் இருளைக் கண்டனர். நடிகரைப் பார்த்த அதே வெளிச்சத்தில் ஒருவரையொருவரும் பார்த்தனர். எதிர்வரிசையில் இருப்பவர் அழுவதும் தெரியும். குடிமக்கள் தம்மைத்தாமே காணும் அவை அது.

இன்று எபிதாரஸில் சூலை, ஆகஸ்டு மாதங்களின் வெள்ளி, சனி இரவுகளில் ஒன்பது மணியளவில், மின்விளக்கில் நாடகம் தொடங்குகிறது. கிரேக்கக் கோடையின் வெயில் கருதினால் இது தவிர்க்கவியலாதது. விளைவு யாதெனில், அவை இருளில் மூழ்க, ஆடுகளம் மட்டும் ஒளிர்கிறது. பழைய கல்லின்மேல் 19ஆம் நூற்றாண்டு அரங்கின் ஒளிமுறை வந்து அமர்ந்துகொண்டது. சிராகூசா இவ்வகையில் மேலானது. மே, சூன் மாதங்களில் சூரியன் சாயும் பொழுதில் நாடகம் தொடங்குவதால், முற்பாதியேனும் அவையும் ஆடுகளமும் ஒரே ஒளியில் இருக்கின்றன. கிரேக்க நாடகத்தைக் காண ஓர் அரங்கை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டுமெனில், புகழால் பெரிய எபிதாரஸைவிடச் சிராகூசாவையே தேர்ந்தெடுக்கலாம்.

விசென்சா: விளக்கொளியில் தீப்ஸ் நகரம்

செவ்வியல் நாடகமும் மறுமலர்ச்சியும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்த இடம் இத்தாலியின் விசென்சா. அங்குள்ள கற்றோர் அவையான ஒலிம்பிக்கக் கழகத்துக்காக ஆந்திரேயா பல்லாதியோ 1580இல் ஓர் அரங்கை வடிவமைத்தார். அதே ஆண்டு மறைந்தார். வின்சென்சோ ஸ்கமோசி பணியைத் தொடர்ந்தார். 1585 மார்ச்சு 3ஆம் நாள், ஒர்சாத்தோ ஜுஸ்தினியானியின் இத்தாலிய மொழிபெயர்ப்பில் சோபோக்ளீஸின் ‘இடிபஸ்’ நாடகத்தோடு ஒலிம்பிக்கோ அரங்கு திறக்கப்பட்டது. பாடகர் குழுவின் பாடல்களுக்கு ஆந்திரேயா கப்ரியேலி இசையமைத்தார். கண்ணிழந்த இடிபஸாக நடித்த லூயிஜி குரோத்தோ பிறந்தது முதலே ஏறத்தாழப் பார்வையற்றவராக இருந்த கவிஞர்.

ஸ்கமோசி மேடையின் பின்சுவரின் வாயில்களுக்கு அப்பால் தீப்ஸ் நகரின் ஏழு தெருக்களை மரத்தாலும் சுதையாலும் அமைத்தார். தொலைவுக்காட்சி விதிப்படி தளம் உயர்ந்து, வீடுகள் சிறுத்துச் செல்கின்றன. நடிகர் தெருவுக்குள் நடந்தால் வீட்டைவிட உயரமாகிவிடுவார். அத்தெருக்களில் எண்ணெய் விளக்குகளை மறைத்துவைத்து ஒளியூட்டினார். வெயிலுக்கென எழுதப்பட்ட நாடகம் இவ்வாறு இரவுக்கும் கூரைக்கும் வந்தது. ‘பழமையை மீட்டல்’ என்ற பெயரிலேயே வந்தது என்பது நோக்கத்தக்கது. தற்காலிகமாக அமைத்த காட்சி நானூறு ஆண்டு கடந்தும் அப்படியே நிற்கிறது. காரணம் எளிது: திறப்புக்குப்பின் அங்கே நாடகம் நிகழ்ந்தது மிக அரிது. அரங்கு அரங்காகப் பயன்படாததால் பிழைத்தது. இன்றும் மரத்தைக் காக்கும் பொருட்டு ஏறத்தாழ நானூறு பேரே அனுமதிக்கப்படுகின்றனர்; ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் செவ்வியல் நாடகங்கள் நிகழ்கின்றன. கட்டடம், மேடைக்காட்சி இரண்டும் முதல் நாள் இருந்தவாறே உள்ள அரங்கு இதுபோல் பிறிதொன்றில்லை.

ஸ்பெயினின் அல்மாக்ரோவைப் பற்றி இங்குச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். லோப்பே தெ வேகா, கால்தெரோன் ஆகியோரின் நாடகங்கள் வீடுகளுக்கிடையிலான முற்றங்களில், வெயிலைப் பரப்பும் துணிப்பந்தலின்கீழ், பிற்பகலில் நடந்தன. 1628இல் கட்டப்பட்டுப் பின்னர் விடுதியாக மாறி மறக்கப்பட்ட அத்தகைய முற்றம் ஒன்று 1950களில் அல்மாக்ரோவில் கண்டறியப்பட்டது. 1978 முதல் அங்கே விழா நிகழ்கிறது, அதுவும் இரவில்தான்.

இலண்டன்: கட்டடம் இல்லாத நகரம்

இலண்டனில் எதுவும் எஞ்சவில்லை. 1576இல் எழுந்த ‘தியேட்டர்’ அரங்கின் மரங்களைக் கழற்றித் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுசென்று 1599இல் ‘குளோப்’ கட்டப்பட்டது. 1613இல் ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தின்போது வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்தது. மறு ஆண்டு மீண்டும் எழுந்தது. 1642இல் பாராளுமன்ற ஆணையால் எல்லா அரங்குகளும் மூடப்பட்டபின் இடிக்கப்பட்டது. 1989இல் ‘ரோஸ்’ அரங்கின் அடித்தளமும் குளோப்பின் ஒரு சிறு பகுதியும் அகழப்பட்டன. அச்சிறு கோணத்தைக் கொண்டே குளோப் ஏறத்தாழ 20 பக்கங்கள் உடையது எனக் கணக்கிட்டனர். வட்ட வடிவமே பொதுவிதி என்ற எண்ணத்தையும் அகழாய்வு பின்னர் திருத்தியது: 2016இல் ‘கர்ட்டன்’ அரங்கு செவ்வக வடிவினது எனத் தெரியவந்தது.

அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் 1949இல் இலண்டன் வந்தபோது குளோப்பின் நினைவாக ஒரு பலகையைத் தவிர வேறெதையும் காணவில்லை. 1970இல் அறக்கட்டளை நிறுவி, நிலத்துக்காகவும் பணத்துக்காகவும் போராடி, 1993இல் அரங்கு முடியுமுன் மறைந்தார். 1997இல் திறக்கப்பட்ட புதிய குளோப் பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 230 மீட்டர் தள்ளி நிற்கிறது. பச்சைக் கருவாலி மரம், மர ஆணிகள், 1666 பெருந்தீக்குப்பின் இலண்டனில் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட கோரைக்கூரை ஆகியவை உண்மையானவை. கூரையிலுள்ள தீயணைப்புத் தூவிகள் இக்காலத்தவை. மேடையைச் சூழ்ந்து நின்று பார்ப்போர் 700 பேர். அவர்களுக்கான சீட்டு 5 பவுண்டு என்று தொடங்கிப் பல ஆண்டுகள் அதே விலையில் நீடித்தது.

இடமும் இல்லை, கட்டடமும் இல்லை என்பதால் ஒவ்வொன்றையும் வினவ வேண்டியிருந்தது. மார்க் ரைலன்ஸ் கலை இயக்குநராக இருந்த 1995–2005 காலத்தில் ஆடை, இசை, ஆடவரே பெண் வேடமேற்றல் ஆகியவை சான்றுகளின் அடிப்படையில் சோதிக்கப்பட்டன. பிற்பகல் நாடகம் இயற்கை ஒளியில் நிகழ்கிறது. இரவு நாடகத்திலும் விளக்குகள் அவையையும் மேடையையும் சமமாக ஒளியூட்டுமாறு அமைக்கப்பட்டன. ஹாம்லெட் தன் தனிமொழியில் எழுப்பும் வினாவை எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கேட்கலாம். கேட்கப்பட்டவர் சில வேளைகளில் விடையும் சொல்லிவிடுவார்.

2016இல் பொறுப்பேற்ற எம்மா ரைஸ் மேடை விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்தார். அரங்கு நிறைந்தது, புதியவர்கள் வந்தனர். அதே ஆண்டு அக்டோபரில், பொது ஒளிக்குத் திரும்புவதாகவும் 2018இல் அவர் விலகுவதாகவும் நிர்வாகம் அறிவித்தது. ஆங்கில நாடக உலகம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ரைஸ் தரப்பின் வாதத்தில் வலு உண்டு: ஷேக்ஸ்பியரின் குழு தன் காலத்தின் எந்தப் புதுமையையும் மறுத்ததில்லை. எனினும், மின்விளக்கு அரங்குகள் இலண்டனில் நூற்றுக்கணக்கில் இருக்க, பகலொளி அரங்கு ஒன்றே இருந்தது. எபிதாரஸில் எவரும் விவாதிக்காமலே நடந்தேறிய மாற்றம், இங்கே ஒரு கலை இயக்குநரின் பதவியை விலையாகக் கேட்டது.

மெழுகுவத்தி ஒளியில்

1609 முதல் ஷேக்ஸ்பியரின் குழு குளிர்காலத்தில் ‘பிளாக்ஃபிரையர்ஸ்’ உள்ளரங்கிலும் நடித்தது. அங்கே ஒளி மெழுகுவத்திகளிலிருந்து வந்தது. திரி கத்தரிக்க இடைவேளை தேவைப்பட்டதால் அங்க முடிவில் இசையோடு நாடகம் நின்றது. நாடகத்தை ஐந்து அங்கமாக நிறுத்தி நடத்தும் வழக்கம் பொது அரங்குகளுக்குப் பரவியதற்குத் திரியும் ஒரு காரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்டாண்டனில் 2001இல் அந்த அரங்கு மீட்டுருவாக்கப்பட்டது. அங்கே மின்விளக்கு உண்டு. ஆனால் அவையும் மேடையும் ஒரே ஒளியில் இருக்கும். குளோப் வளாகத்தில் 2014 சனவரியில் திறந்த சாம் வானமேக்கர் உள்ளரங்கு, ஏறத்தாழ 340 பேர் அமரும் சிறு கூடம். தூய தேன்மெழுகு வத்திகளே அதன் ஒளி. அதற்கு ஆதாரமான வரைபடங்கள் ஆக்ஸ்போர்டின் வோர்ஸ்டர் கல்லூரியில் கிடைத்தவை. இனிகோ ஜோன்ஸ் வரைந்தவை என முதலில் கருதப்பட்ட அவை, பின்னர் அவருடைய மாணவர் ஜான் வெப் 1660ஐ ஒட்டி வரைந்தவை எனத் தெரிந்தது. எனவே இவ்வரங்கும் எந்த ஒரு பழைய அரங்கின் நகலுமன்று.

அதன் முதல் நாடகம் ஜான் வெப்ஸ்டரின் ‘மால்ஃபி கோமாட்டி’. 1623இல் அச்சான நூலின் முகப்பு, இந்நாடகம் பிளாக்ஃபிரையர்ஸிலும் குளோப்பிலும் நடிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. நான்காம் அங்கத்தில், சிறையிருக்கும் சகோதரியின் முகத்தைப் பார்ப்பதில்லை எனச் சூளுரைத்த பெர்டினாண்டு, விளக்குகளை அகற்றச் சொல்லி இருளில் வருகிறான். சமாதானத்தின் அடையாளமாகக் கைநீட்டுகிறான். அவள் முத்தமிட்ட கை குளிர்ந்திருக்கிறது. விளக்கு வந்ததும் அது இறந்தவன் கை எனத் தெரிகிறது.

குளோப்பின் பகலொளியில் அவையோர் அக்கையை முன்பே பார்த்துவிடுவர். கோமாட்டி மட்டுமே இருளில் இருப்பாள். அவளை எச்சரிக்க இயலாமல் ஆயிரம் பேர் வெளிச்சத்தில் நிற்பர். உள்ளரங்கில் வத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தால் அவையோருக்கும் எதுவும் தெரிவதில்லை. புகையின் மணமும், குரலும், ஒரு பெண் மூச்சை இழுக்கும் ஓசையும் மட்டும் கேட்கும். விளக்கு வரும்போது அவளோடு சேர்ந்தே அவர்களும் காண்பர்.